படுத்து ஓட்டும் சைக்கிளிலிருந்து பார்த்த கால்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்ட உட்கார்ந்தபோது வலது கையால் நகவெட்டியை அழுத்த முடியவில்லை. வலி இல்லை. மரத்துப்போகவும் இல்லை. கட்டை விரல் நகவெட்டியின் மேல் சும்மா கிடந்தது. நகவெட்டி மழுங்கிவிட்டது என்று நினைத்து, வேலை முடிந்து வரும்போது வேறொன்று வாங்கிவரச் சொன்னேன் மனைவியிடம்.

புதியதும் அழுந்தவில்லை.

இதை வாசிக்கும் உங்களில் சிலருக்கும் நோய் இப்படி ஏதோ ஒன்றில்தான் தொடங்கியிருக்கும். சட்டைப் பொத்தான், தண்ணீர்ப் பாட்டிலின் மூடி, பூட்டில் திரும்பாத சாவி. இதற்கெல்லாம் யார் மருத்துவமனைக்குப் போவார்கள்? நானும் போகவில்லை. இடது கையால் செய்யப் பழகிக்கொண்டேன். மனித உடம்பு எவ்வளவு விரைவாகச் சமரசம் செய்துகொள்கிறது என்பதை நினைத்தால் இப்போது பயமாக இருக்கிறது.

என் பெயர் பாஸ்கர். ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு பட்டறையில் இயந்திர பாகங்களைக் கணினியில் வரைந்து கொடுப்பது என் வேலை. வீடு மந்தைவெளியில், மூன்றாவது மாடி. மனைவி செல்வி தி.நகரில் ஒரு துணிக்கடையில் பட்டுப் புடவைப் பிரிவைப் பார்த்துக்கொள்கிறாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

செல்விதான் முதலில் பார்த்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் வலது கையைப் பிடித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் தடவினாள். அந்த இடம் பள்ளமாகியிருந்தது.

"இங்க சதை இருக்குமே. எங்க போச்சு?" என்றாள்.

மறுநாளே மருத்துவமனைக்குப் போனோம். ஸ்கேனில் காரணம் தெளிவாகத் தெரிந்தது. செர்விகல் மைலோபதி (கழுத்தெலும்புகளுக்கு இடையில் உள்ள மெத்தைத் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்துவது). அறுவை மருத்துவர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டி, அழுத்தும் இடத்தைப் பேனாவால் காட்டினார். என் கண்ணுக்கே தெரிந்தது. இயந்திரத்தில் ஒரு பாகம் இன்னொன்றில் இடித்தால் இடிக்கும் இடத்தைச் சீவிவிடுவோம். எனக்குப் புரிகிற நோய் அது. அதனால் நிம்மதியாகக்கூட இருந்தது.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கழுத்துப் பட்டையோடு வீட்டுக்கு வந்தேன். கை பழையபடி ஆகவில்லை.

"நரம்பு மெதுவாத்தான் திரும்பும். இதுக்கு மேல கெடாம பார்த்துக்கறதுக்குத்தான் ஆப்பரேஷன். பொறுமையா இருங்க," என்றார் மருத்துவர். ஒரே ஒரு தடை விதித்தார். சைக்கிள் ஓட்டக் கூடாது. முன்னால் குனிந்து, தலையை நிமிர்த்திச் சாலையைப் பார்க்கும் அந்த வளைவு என் கழுத்துக்கு ஆகாது என்றார்.

இருபது வயதிலிருந்து சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தேன். பைக் வாங்கியும் அது வாசலில் தூசி படிந்து நின்றதே தவிர எடுத்ததில்லை. ஆகவே அந்தத் தடை எனக்குக் கழுத்து வலியைவிடப் பெரிதாகப் பட்டது. கழுத்தை வளைக்காமல் ஓட்டினால் பரவாயில்லையா என்று கேட்டேன். மருத்துவர் சிரித்தார். "அப்படி ஒரு சைக்கிள் இருந்தா ஓட்டுங்க."

இருந்தது. சாய்ந்து படுத்துக்கொண்டு, கால்களை முன்னால் நீட்டி மிதிக்கும் சைக்கிள். வெளிநாடுகளில் ஓட்டுகிறார்கள். நானே செய்வது என்று முடிவு செய்தேன். எங்கள் குடியிருப்பில் அவ்வளவு நீளமான வண்டியை நிறுத்த இடமில்லை, லிஃப்டும் சின்னது. அதனால் மடங்கவும் வேண்டும். மந்தைவெளியில் பறக்கும் ரயிலில் ஏற்றி, வேளச்சேரியில் இறக்கி, அங்கிருந்து ஈக்காட்டுத்தாங்கலுக்கு ஓட்டிப் போவேன். இதுதான் திட்டம்.

எங்கள் பட்டறைக்குப் பின்தெருவில் ரஃபீக் வெல்டிங் கடை வைத்திருக்கிறான். பள்ளியில் என்னோடு படித்தவன். படத்தைக் காட்டினேன்.

"இன்னா மச்சி, ஈஸி சேருக்கு வீல் வைக்கச் சொல்றியா?"

"கிட்டத்தட்ட அதான்."

"படுத்துக்கினு ரோட்ல போனா லாரிக்காரன் கண்ணுக்குத் தெரிவியாடா நீ?"

"உயரமா ஒரு கொடி கட்டிக்கலாம்."

படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "சரி, குடு. டாக்டரு ஒத்துக்கினாரா?"

"ஒத்துக்கிட்டார்."

சதுர இரும்புக் குழாயில் முதுகுத்தண்டு போல ஒரு சட்டகம். சிறுவர் சைக்கிளின் அளவில் இரண்டு சக்கரங்கள். முன்சக்கரத்தையும் தாண்டி நீளும் தண்டின் நுனியில் பெடல்கள். உடைந்த அலுவலக நாற்காலியின் வலையைக் கழற்றி இருக்கை. மடக்குவதுதான் சிக்கல். பெடல் முன்னால், பின்சக்கரம் பின்னால். நடுவே மடக்கினால் சங்கிலி தொங்கிப்போகும். கீல் எங்கே இருக்கிறதோ அதே அச்சில் சங்கிலி ஓடும் சிறு கப்பியை வைத்தால் மடக்கினாலும் சங்கிலியின் நீளம் மாறாது என்று ஒரு நாள் ரயிலில் வரும்போது தோன்றியது. வழியில் ஏறியவர்கள் பார்க்கும்படி தனியாகச் சிரித்தேன்.

அந்த மாதங்களில் மகிழ்ச்சியாக இருந்தேன். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கட்டுரை பொய்யாகிவிடும்.

ஆனால் சட்டகம் உருவாகிக்கொண்டிருந்தபோதே என் உடம்பும் மாறிக்கொண்டிருந்தது. பிரேக் பிடியை முதலில் இரண்டு கைக்கும் வரைந்தேன். வலது கையால் இழுக்க முடியாததால் இரண்டு பிரேக்கையும் இடது பிடிக்கே கொண்டுவந்தேன். பிறகு இடது கையும் சீக்கிரம் சோர்ந்தது. நீளமான, மென்மையான பிடியாக மாற்றச் சொன்னேன். கைகளை உயர்த்தி வைப்பது கஷ்டமாக இருந்ததால், ஹேண்டில் பாரை இருக்கைக்கு அடியில் கொண்டுபோனேன். கைகளைத் தொங்கவிட்டபடியே திருப்பலாம். ஒவ்வொரு மாற்றத்துக்கும் வடிவமைப்பில் ஒரு நல்ல காரணம் சொன்னேன். எடை குறையும், காற்று தடுக்காது. ரஃபீக் தலையாட்டிவிட்டு வெட்டி ஒட்டுவான். கடைசி முறை மட்டும், வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என் இடது கையைப் பார்த்தான்.

"ஆப்பரேஷன் பண்ணது கழுத்துலதானே மச்சி?"

"ஆமா. ஏன்?"

"ஒண்ணியும் இல்ல."

பட்டறைகள் மூடியிருந்த ஒரு ஞாயிறு, பின்தெருவில் முதன்முதலாக ஏறினேன். மூன்று முறை விழுந்தேன். படுத்து ஓட்டும் சைக்கிளில் உடம்பைச் சாய்த்துச் சமநிலை பிடிக்க முடியாது. மிதிக்கும் வேகத்தில்தான் அது விழாமல் நிற்கும். நான்காவது முறை தெருமுனை வரை போய்விட்டேன். கழுத்து வலைக்குள் பொருந்தியிருந்தது. மேலே மின்கம்பிகளும் வானமும் பின்னோக்கி ஓடின. தெருமுனையில் திரும்பத் தெரியாமல் ஒரு டீக்கடைப் பெஞ்சில் போய் மோதி நின்றேன். ரஃபீக் கைதட்டிக்கொண்டே ஓடி வந்தான்.

அடுத்த சில வாரங்கள் காலையில் அதை மடக்கி ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலைக்குப் போவோம். செல்வி ஃபோனில் படம் எடுப்பாள். ஊரூர் குப்பத்துப் பக்கமிருந்து மீன் கூடையோடு வரும் ஒரு அம்மா தினமும் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

"இன்னா சார், தூக்கம் வரலயா? படுத்துக்கினே வந்துட்டே?"

"வீட்ல இடம் இல்லம்மா."

"அதான பார்த்தேன். நல்லாக் கீது வண்டி!"

சாதாரண சைக்கிளில் போகிறவன் தன் கால்களைப் பார்ப்பதே இல்லை. அவை கீழே எங்கோ வேலை செய்துகொண்டிருக்கும். இந்த வண்டியில் கால்கள் கண்ணுக்கு நேராக இருக்கும். சாலையையே பாதங்களுக்கு நடுவில்தான் பார்க்க வேண்டும். ஒரு நாள் காலை, அரைக்கால் சட்டையோடு ஓட்டி முடித்து, வண்டியை மரத்தடியில் நிறுத்திக் கால்களைப் பெடல்மேல் வைத்தபடியே ஓய்வெடுத்துக்கொண்டிருந்தேன். என் இடது தொடையில் தோலுக்கு அடியில் ஏதோ நெளிந்தது. நின்றது. வேறோர் இடத்தில் நெளிந்தது. தேங்கிய தண்ணீரில் தூறல் விழுவதுபோல அங்கொன்றும் இங்கொன்றுமாக. நான் எதையும் அசைக்கவில்லை.

செல்வி பக்கத்தில் வந்து நின்றாள். அவளும் பார்த்தாள்.

"வலிக்குதா?"

"இல்ல. ரொம்ப மிதிச்சுட்டேன் போல. களைப்பு."

அவள் உள்ளங்கையை என் தொடைமேல் வைத்தாள். குழந்தையின் நெற்றியில் காய்ச்சல் பார்ப்பதுபோல வைத்து, வெகுநேரம் எடுக்கவில்லை. "நின்னுடுச்சா?" என்று கேட்டேன். அவள் கையை விலக்கி, ஃபோனை எடுத்து அந்த இடத்தை வீடியோ எடுத்தாள்.

தசை துடிப்பது எல்லோருக்கும் எப்போதாவது வரும். பெரும்பாலும் அது ஒன்றுமில்லாதது. இதைப் படித்துவிட்டு யாரும் தங்கள் தொடையைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டாம். ஆனால் எனக்குத் துடிப்பு மட்டும் அல்ல. அந்த வாரமே இடது செருப்பின் முனை தரையில் உரசும் சத்தம் கேட்கத் தொடங்கியிருந்தது. மாடிப்படியில், ரயில் மேடையில், சமையலறையில். கழுத்தில் கோளாறு உள்ளவனுக்குக் கால் தேய்வதும் நடக்கக்கூடியதுதான் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

பிறகு ஒரு காலை, நல்ல வேகத்தில் போய்க்கொண்டிருந்தபோது இடது பாதம் பெடலிலிருந்து நழுவியது. படுத்து ஓட்டும் சைக்கிளில் இதுதான் பெரிய ஆபத்து. முன்னால் நீண்டிருக்கும் கால் தரையில் பட்டால், வண்டி அதன்மேல் ஏறிப் பின்னால் இழுத்துவிடும். பாதம் விழுவதைக் கண்ணால் பார்த்தேன். தூக்கு, தூக்கு என்று என் கண்ணெதிரே இருக்கும் காலுக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது எழவில்லை. யாருடைய காலையோ பார்ப்பதுபோல இருந்தது.

கணுக்காலில் எலும்பு விரிசல். அவசரப் பிரிவில் இருந்த இளம் மருத்துவர் கட்டுப் போடும் முன், கால் விரல்களை மேலே உயர்த்தச் சொன்னார். உயர்த்த முடியவில்லை. "இது விழுந்ததால வந்ததில்ல சார்," என்றார். அடிபடாத காலையும் உயர்த்தச் சொன்னார். அதுவும் முழுதாக உயரவில்லை. என் தொடை துடித்த அந்த வீடியோவைச் செல்வி காட்டினாள். அவர் அதை இரண்டு முறை பார்த்துவிட்டு நரம்பியல் மருத்துவருக்குச் சீட்டு எழுதினார்.

நரம்பியல் மருத்துவர் ஒரு பெண். அதிகம் பேசாதவர். தசை மின்பதிவு (தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி அதன் மின்னோட்டத்தைக் கேட்கும் சோதனை) செய்தார். ஊசி போன ஒவ்வோர் இடத்திலும் கருவியின் ஒலிபெருக்கி படபடவென்று பொரிந்தது. கை, தொடை, கெண்டைக்கால், முதுகு. ஓய்வில் இருக்கும் தசை அமைதியாக இருக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். என் உடம்பு எங்கேயும் அமைதியாக இல்லை.

கடைசியாக என் வாயைத் திறக்கச் சொன்னார். நாக்கை நீட்டினேன்.

"நீட்ட வேண்டாம். உள்ளயே சும்மா வைங்க."

டார்ச் அடித்துப் பார்த்தார். அவர் முகத்தைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் எதுவும் மாறவில்லை. டார்ச் மட்டும் அணைய நேரமாயிற்று.

அறைக்குள் எங்கள் இருவரையும் உட்காரவைத்தார். "உங்க கழுத்துல அழுத்தம் இருந்தது உண்மை. அதைச் சரி பண்ணதும் தப்பில்ல. ஆனா நாக்குக்குப் போற நரம்பு கழுத்துத் தண்டுவடத்துலேர்ந்து வர்றதில்ல. அதுக்கு மேல, மூளையோட அடிப்பகுதியிலேர்ந்து வருது. அந்தத் தசையும் துடிக்குது."

இயக்க நரம்பணு நோய் என்றார் (தசைகளை அசைக்கும் நரம்பு அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக இறந்துபோவது). உணர்ச்சி போகாது, அறிவு பெரும்பாலும் மங்காது, அசைவு மட்டும் போகும். மருந்து வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாம், நிறுத்தாது.

"ஆப்பரேஷன் பண்ணாம இருந்திருந்தா வந்திருக்காதா டாக்டர்?" என்றாள் செல்வி.

"ஆப்பரேஷனால வந்ததில்லம்மா. அதுக்கு முன்னாடியே இருந்திருக்கு. ரெண்டும் ஒண்ணாச் சேர்ந்து இருந்தா கண்டுபிடிக்கறது கஷ்டம்." பிறகு என்னைப் பார்த்து, "அடுத்த தடவை மூச்சுச் சோதனையும் பண்ணிடலாம்," என்றார்.

"மூச்சு நல்லாத்தானே இருக்கு?"

"நல்லா இருக்கும்போதே அளந்து வச்சுக்கணும் சார்."

ஆட்டோவில் அடையாறு பாலத்தைக் கடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கவே முடியவில்லை. கண்ணில் நீர் வழியச் சிரித்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்து, ஏதோ நல்ல செய்தி என்று நினைத்து அவரும் சிரித்தார். செல்வி என் முகத்தைத் தன் தோளில் அழுத்திக்கொண்டாள். தன்னையறியாமல் வரும் அந்தச் சிரிப்பும் அழுகையும்கூட இந்த நோயின் அறிகுறி என்று அடுத்த முறை போனபோது சொன்னார்கள். எனக்குள் எவ்வளவு தூரம் அந்த நோய் வந்துவிட்டது என்று அன்றுதான் உறைத்தது.

எலும்பு கூடியதும் ரஃபீக்கிடம் போய் மூன்று சக்கரமாக மாற்றலாம் என்றேன். முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. பெடலில் காலணிகளையே போல்ட் போட்டு இறுக்கிவிடலாம், பாதம் விழாது. செல்விக்கு வந்த கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

"அந்த வண்டி உங்களைக் கொன்னிருக்கும். இன்னும் அதையே வரைஞ்சுக்கிட்டு இருக்கீங்க. என்கிட்ட பேசுறதுக்கு உங்ககிட்ட ஒண்ணுமே இல்லையா?"

"பேசினா அதைப் பத்தித்தானே பேசணும்."

"அப்ப அதைப் பத்திப் பேசுங்க. நான் தனியா நெனச்சுக்கிட்டுக் கிடக்கேன்."

அன்று பேசினோம். மூச்சுக் குழாய் வைப்பதா வேண்டாமா என்பது வரை பேசினோம். அவள் தன் கடை வேலையை விடக் கூடாது என்று நான் கேட்டுக்கொண்டேன். அன்று அவள் ஒப்புக்கொள்ளவில்லை; ஆனாலும் இன்னும் போய்வருகிறாள். இந்தக் கட்டுரையில் உங்களுக்கு நான் சொல்லக்கூடிய ஆலோசனை அனேகமாக இது ஒன்றுதான்: பேச்சு தெளிவாக இருக்கும்போதே இதையெல்லாம் பேசிவிடுங்கள். இன்னொன்றும் உண்டு. உங்களுக்குச் சொல்லப்பட்ட காரணத்துக்குள் அடங்காத ஏதாவது உடம்பில் தெரிந்தால், மறுபடி போய்ச் சொல்லுங்கள். யாரையும் குறைசொல்ல வேண்டியதில்லை. போய்ச் சொன்னால் போதும்.

மூன்று சக்கர வண்டியை ஒரு மழைக்காலம் முடிந்து வெயில் வரும் வரை ஓட்டினேன். பிறகு கைகள் ஹேண்டிலைத் திருப்பவில்லை. கால்கள் மேட்டில் நின்றுவிட்டன. கடைசியாக ஓட்டிய நாள் எது என்று எனக்குத் தெரியாது. அன்று அது கடைசி என்று தெரிந்திருந்தால் கவனித்திருப்பேன். இப்படித்தான் ஒவ்வொன்றும் போகிறது. கடைசியாகச் சட்டை மாட்டிக்கொண்டது, கடைசியாக யாரையோ பெயர் சொல்லிச் சத்தமாகக் கூப்பிட்டது.

இதை ஃபோனிடம் சொல்லித்தான் எழுதுகிறேன். தொடங்கும்போது அது நான் சொன்னதை அப்படியே எழுதியது. இப்போது நான் சொல்லாத சொற்களை எழுதுகிறது. செல்வி திருத்துகிறாள். நான் சொன்னது என்ன என்று அவளுக்குத் தெரிகிறது. எவ்வளவு காலம் தெரியும் என்று நாங்கள் கேட்டுக்கொள்வதில்லை. நேற்று தண்ணீர் குடிக்கும்போது இருமல் வந்தது. இன்றும் வந்தது.

வண்டி இப்போது எங்கள் கூடத்தில் இருக்கிறது. மூட்டுகள் இறுகாமல் இருக்கக் கால்களைத் தினமும் யாராவது அசைத்துவிட வேண்டும் என்று பயிற்சி நிபுணர் சொன்னபோது, ரஃபீக்தான் யோசனை சொன்னான். பின்சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி ஒரு தாங்கியில் நிறுத்தினான். பின்சக்கரத்தைத் தனியே சுற்றவிடும் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு, சக்கரத்தோடு சேர்ந்தே சுற்றும் பல்சக்கரத்தைப் போட்டான். இப்போது பின்சக்கரத்தைக் கையால் சுற்றினால் பெடல் சுற்றும். பெடலில் கட்டியிருக்கும் என் கால்கள் சுற்றும்.

ரஃபீக் வரும் நாட்களில் இருவரும் என்னைத் தூக்கி அதில் சாய்த்து வைப்பார்கள். வராத நாட்களில் பக்கத்து வீட்டுக்காரர் உதவுவார். பிறகு செல்வி ஒரு முக்காலியைப் போட்டு எனக்குப் பின்னால் உட்கார்ந்து சக்கரத்தைச் சுற்றுவாள். சுற்றிக்கொண்டே கடையில் நடந்ததைச் சொல்வாள். அவள் முகம் எனக்குத் தெரியாது. என் எதிரே என் கால்கள் மட்டும்தான். முழங்கால்கள் எழும்பி இறங்குகின்றன, மெலிந்து, ஒழுங்காக, நான் ஓட்டிய காலத்தைவிடச் சீராக. காலம் என்பது எனக்கு இப்போது அந்தச் சுற்றுதான். அவள் சுற்றும்போது ஓடுகிறது. கதையில் விறுவிறுப்பான இடம் வந்தால் அவள் கை நிற்கும். என் கால் பாதி உயரத்தில் நிற்கும். அதை இறக்க என்னால் முடியாது. அவள் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கும் வரை நான் அங்கேயே இருப்பேன்.

சென்ற வாரம் அப்படி ஒரு வாக்கியத்தின் நடுவில் நிறுத்தினாள்.

"இப்ப லேசா போச்சு," என்றாள். "சக்கரம் தானா போச்சு. நீங்கதானே மிதிச்சீங்க?"

நான் கால்களைப் பார்த்தேன். மிதிக்க வேண்டும் என்று நினைத்தேனா, நினைத்தது கால்வரை போய்ச் சேர்ந்ததா, வண்டியின் எடையே இழுத்துக்கொண்டதா? உள்ளே தேடிப் பார்த்தேன். ஒரு காலத்தில் அந்தக் கேள்விக்குப் பதில் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை.

"சொல்லுங்க. நீங்கதானே?"

அவள் கை சக்கரத்தின்மேல் காத்திருந்தது. வெளியே ரயில் ஒன்று மந்தைவெளி நிலையத்துக்குள் வரும் சத்தம் கேட்டது. சொல்ல வாயைத் திறந்தேன். அவளுக்கு எது கேட்டதோ, சிரித்தபடி மறுபடி சுற்றத் தொடங்கினாள்.